ஏழடி முடுக்கு, மாமியாரின் முழங்கால், தக்கலை ரோடு: எந்தச் சின்னக் கார் வாங்கலாம்?

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்குத் தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். போக 17 கிலோமீட்டர், வர 17. இத்தனை வருடமும் பஸ்ஸில்தான் போய் வந்தேன். வயது 41, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது, தனியாக ஓட்டிய அனுபவம் குறைவு. கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், வாக்கர் வைத்து நடக்கிறார், மாதம் இரண்டு முறை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மகனுக்கு 8 வயது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை திருநெல்வேலியில் என் அம்மா வீட்டுக்குப் போவோம். எங்கள் முடுக்கு, அதாவது வீட்டுக்கு வரும் சந்து, ஏழடி அகலம், கடைசியில் ஒரு ஏற்றம், ஏறினதும் வலது பக்கம் எங்கள் வாசல். ஆன் ரோடு ஏழு லட்சம் வரை போகலாம் என்று கணவர் சொல்கிறார். கொழுந்தன், கேரளா நம்பரில் 2014 டீசல் ஸ்விஃப்ட் ஒன்று சல்லிசாக வருகிறது என்கிறார். ஷோரூமில் கேட்டால் செலேரியோ ஆட்டோ கியர் எடுங்கள், லிட்டருக்கு 26 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீங்கள் முடுக்கின் அகலத்தை எழுதியிருந்ததுதான். 28 வருடமாக இந்த மாவட்டத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், கார் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் மைலேஜ் எவ்வளவு என்பார்கள், விலை எவ்வளவு என்பார்கள், வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் வாசலில் திரும்ப மாட்டேன் என்கிறது, அம்மாவால் ஏற முடியவில்லை என்று வந்து நிற்பார்கள். உங்களுக்கு எந்தக் கார் என்பதை உங்கள் முடுக்கும், மாமியாரின் முழங்காலும், தக்கலை நாகர்கோவில் ரோடும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். அதனால் அந்த வழியாகவே போகலாம்.

முதலில் அந்த ஸ்விஃப்ட் டீசல். நல்ல என்ஜின்தான், 1248 சிசி, அந்தக் காலத்தில் எங்கள் பட்டறைக்கு அதிகமாக வந்த வண்டிகளில் ஒன்று. ஆனால் உங்களுக்கு வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன். தினமும் 34 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 750 கிலோமீட்டர்கூட முழுசாக வராது. இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு டீசலில் மிச்சமாகும் காசு, ஒரு தடவை இன்ஜெக்டரோ டர்போவோ வேலை வைத்தால் வந்த வழியே போய்விடும். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டீசலில் அந்த வேலை வரும், எப்போது என்பதுதான் தெரியாது. அதோடு 2014இல் பதிவான வண்டிக்கு ஆர்சி 15 வருடம், அதாவது 2029 வரைதான். பிறகு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். கேரளா நம்பர் என்பதால் அந்த ஆர்டிஓ ஆபீசில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ரோடு டாக்ஸ் கட்டி, டிஎன் நம்பர் போட வேண்டும். களியக்காவிளை தாண்டினால் கேரளா என்கிற நமக்கு அந்த நம்பர் வண்டி பழகிப்போன காட்சி, அதனாலேயே பலர் நம்பரை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், மாட்டும்போது மொத்தமாகக் கட்டுகிறார்கள். கொழுந்தன் சொல்லும் சல்லிசு விலையில் இந்தச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 2014இல் இந்தியாவில் விற்ற ஸ்விஃப்டை ஏர்பேக் இல்லாத மாடலாக கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து வரை ஸ்டார் போடும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். கீழ் மாடல்களில் அப்போது ஏர்பேக் கிடையாது. எட்டு வயதுப் பையனைப் பின்னால் உட்கார வைத்து, புதிதாக ஓட்டப் பழகுகிறவர் அந்த வண்டியில் போவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது. கொழுந்தன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அவர் கை பழகிய வண்டி அது. ஆனால் ஓட்டப்போவது நீங்கள்.

சரி, மைலேஜ். செலேரியோ ஆட்டோ கியருக்கு கம்பெனி சொல்லும் கணக்கு 26.68. பொய் இல்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு, ஏசி போடாமல், எல்லா வண்டிக்கும் ஒரே அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளந்த கணக்கு. அதில் வில்லுக்குறியும் கிடையாது, சுங்கான்கடை ஏற்றமும் கிடையாது, காலை எட்டரைக்கு வெட்டூர்ணிமடத்தில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்வதும் கிடையாது. ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒப்பிட அந்த எண் உதவும், உங்கள் மாதச் செலவைச் சொல்லாது. எங்களிடம் சர்வீசுக்கு வரும் ஒரு லிட்டர் பெட்ரோல் வண்டிகளில், ஏசி போட்டுக்கொண்டு தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று ஓடுகிறவர்கள் பெரும்பாலும் 16இல் இருந்து 19 வரை சொல்கிறார்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜும் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

இதை ரூபாயாக்கிப் பாருங்கள். மாதம் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 17 கொடுக்கும் வண்டிக்கு 44 லிட்டர் வேண்டும், 20 கொடுக்கும் வண்டிக்கு முப்பத்தேழரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 650 ரூபாய். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த 650 ரூபாய்க்காக மாமியார் ஏற முடியாத வண்டியையோ, உங்களுக்குக் கை வராத வண்டியையோ எடுக்கக் கூடாது. சிஎன்ஜி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஷோரூமில் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஓட்டத்துக்கு அதில் கூடுதலாகப் போடும் பணம் திரும்ப வர வருடங்கள் ஆகும், சிலிண்டர் டிக்கியை அடைத்துவிட்டால் வாக்கரை எங்கே வைப்பீர்கள்?

இப்போது உங்கள் ரோட்டுக்கு வருகிறேன், இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். டவுனுக்குள் ஓட்டத்தானே, சின்ன வண்டி போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் தக்கலையிலிருந்து பார்வதிபுரம் வரை உங்கள் 17 கிலோமீட்டரில் பெரும்பகுதி டவுன் கிடையாது, தேசிய நெடுஞ்சாலை 66. நடுவில் தடுப்பு இல்லாத இடங்கள் அதிகம், வளைவு, ஏற்ற இறக்கம், எதிரே ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு வரும் டாரஸ் லாரிகள். அந்த லாரிகளைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் உங்களுக்கு வண்டி பார்க்கும்போது இடித்தால் என்ன ஆகும் என்பதை மைலேஜுக்கு முன்னால் வைக்கிறேன்.

கதவைச் சாத்தி ‘தப்’ என்ற சத்தத்தை வைத்து வண்டி கெட்டி என்று முடிவு பண்ணாதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். மோதிப் பார்த்த சோதனையைப் பாருங்கள். டாடா டியாகோ 2020இல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கு 4 ஸ்டார், குழந்தைகளுக்கு 3 ஸ்டார் வாங்கியது. அதே பழைய விதிமுறையில் 2019இல் வாகன்ஆர் வாங்கியது 2 ஸ்டார். பிறகு விதிமுறை கடினமானது, 2023இல் வாகன்ஆருக்கு 1 ஸ்டாரும் ஆல்டோ கே10க்கு 2 ஸ்டாரும் வந்தன. அந்தக் கடினமான விதியில் வந்த எண்ணை டியாகோவின் பழைய எண்ணோடு நேராக ஒப்பிடுவது நியாயம் இல்லை, அதனால்தான் 2019இல் வந்ததையும் சொன்னேன். 2025இல் வாகன்ஆர், ஆல்டோ, செலேரியோ எல்லாவற்றிலும் ஆறு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் வந்துவிட்டது, அது நல்ல முன்னேற்றம். ஆனாலும் ஏர்பேக் என்பது வண்டிக் கூடு தாங்கினால்தான் முழுசாக உதவும்.

இந்தக் காரணத்தால் என் கை முதலில் டியாகோவைத்தான் காட்டுகிறது. 1199 சிசி மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 86 பிஎஸ். ஏசி போட்டுக்கொண்டு மூன்று பேரோடு சுங்கான்கடை ஏற்றத்தில் ஒரு பஸ்ஸைத் தாண்டும்போது, ஒரு லிட்டர் என்ஜின் கொஞ்சம் மூச்சு வாங்கும், இதில் இழுவை கூடுதல். குறையும் சொல்கிறேன், நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரியும், மைலேஜ் ஒரு லிட்டர் மாருதிகளைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். மாதம் அந்த 650 ரூபாய் இங்கேதான் போகும்.

ஆனால் மாமியார் இருக்கிறார். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வண்டியில் ஏறுவது அவ்வளவு கஷ்டம் இல்லை, இறங்குவதுதான் கஷ்டம். சீட் தாழ்வாக இருந்தால் எழும்போது மொத்த எடையும் முழங்காலில் வரும், சீட் இடுப்பு உயரத்தில் இருந்தால் திரும்பி காலைத் தரையில் வைத்தால் போதும், நாற்காலியிலிருந்து எழுவதுபோல எழுந்துவிடலாம். அந்த விஷயத்தில் வாகன்ஆரை அடிக்க இந்த விலையில் வண்டி கிடையாது. உயரமான கூரை, அகலமாகத் திறக்கும் கதவு, நிமிர்ந்த சீட், தலையைக் குனியாமலே உட்காரலாம். டிக்கியும் 341 லிட்டர், டியாகோவுக்கு 242. மடக்கிய வாக்கர் இரண்டிலும் போகும், வாகன்ஆரில் வாக்கரோடு மார்க்கெட் பையும் போகும்.

என் சொந்த மாமாவுக்காக ஒரு காரியம் செய்தேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். மாமியாரை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள், வாக்கரோடு. முன் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது, மூன்று தடவை. முதல் தடவை யாருமே சமாளித்துவிடுவார்கள், புது வண்டி என்ற சந்தோஷத்தில் ‘எனக்கு ஒண்ணும் இல்லை மக்களே’ என்றும் சொல்வார்கள். மூன்றாவது தடவை இறங்கும்போது அவர் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். கதவையோ டேஷ்போர்டையோ பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தால் அந்த வண்டி அவருக்குத் தாழ்வு. மழை பெய்யும் நாளில், ஆஸ்பத்திரி வாசலில், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்போது எப்படி இறங்குவார் என்று நினைத்துப் பாருங்கள். டியாகோவில் மூன்று தடவையும் சிரமம் இல்லாமல் இறங்கினால் டியாகோ. முடியவில்லை என்றால் வாகன்ஆர், அதில் எனக்கு மனக்கலக்கம் இல்லை, ஆனால் ரோட்டில் வேகம் 60க்குள் என்று நீங்கள் எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

வாகன்ஆர் எடுத்தால் இன்னொரு எச்சரிக்கை, திருநெல்வேலிப் பயணத்துக்கு. தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வரை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியும், காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன. உயரமான, எடை குறைந்த வண்டியை அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும். லாரியைத் தாண்டும்போது லாரி காற்றை மறைக்கும், தாண்டி வெளியே வந்த நொடியில் சட்டென்று ஒரு அடி விழும், ஸ்டியரிங் கையில் இழுக்கும். பதறி எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், இரண்டு கையாலும் பிடித்து, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் போதும். அந்த இருபது கிலோமீட்டர் மட்டும் மெதுவாகப் போங்கள். டியாகோ தாழ்வான வண்டி என்பதால் இது குறைவாகத் தெரியும்.

முடுக்குக்கு வரலாம். ஏழடி என்றால் 213 சென்டிமீட்டர். டியாகோவின் அகலம் 168, வாகன்ஆரின் அகலம் 162, கண்ணாடிகளைச் சேர்க்காமல். டியாகோவில் ஒரு பக்கத்துக்கு 22 சென்டிமீட்டர் இடம், வாகன்ஆரில் 25. பக்கத்துக்கு இரண்டு விரல் வித்தியாசம், இதற்காக ஒரு வண்டியைத் தள்ள வேண்டாம். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அதனால் சுவிட்ச் போட்டால் மடங்கும் கண்ணாடி இருக்கிற மாடலா என்று கேளுங்கள், தினமும் இரண்டு தடவை இறங்கிக் கையால் மடக்குவது சலித்துவிடும். உண்மையான சிக்கல் அகலத்தில் இல்லை, அந்த வலது பக்கத் திருப்பத்தில். ஏழடி வழியிலிருந்து செங்கோணமாக வாசலுக்குள் திரும்ப வண்டி நீளமும், திரும்பும் வட்டமும், வாசலின் அகலமும் சேர்ந்து வேலை செய்யும். வாகன்ஆர் 366 சென்டிமீட்டர் நீளம், திரும்பும் ஆரம் 4.7 மீட்டர். டியாகோ 377, ஆரம் 4.9. இங்கே வாகன்ஆருக்கு ஒரு படி மேல். ஆல்டோ கே10 இன்னும் சின்னது, 353தான், முடுக்குக்கு அதுதான் ராஜா, ஆனால் உங்கள் மாமியாருக்கும் அந்த ஹைவேக்கும் அதை நான் சொல்ல மாட்டேன்.

இப்போது ஆட்டோ கியர். ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்று சொன்னாலும் இந்த விலையில் கிடைப்பது ஏஎம்டி. செலேரியோவில்தான் 2014இல் இது இந்தியாவுக்கு முதலில் வந்தது. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சும் உண்டு, அதை உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டாரோ பம்போ மிதிக்கும், கியரையும் அதுவே மாற்றும். கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம், தலை லேசாக முன்னால் ஆடும், ரெண்டு வாரத்தில் பழகிவிடும். உங்களைப் போலப் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வடசேரியிலும் மணிமேடையிலும் இடது கால் பதற்றம் இல்லாமல் போகலாம் என்பது பெரிய நிம்மதி, நான் அதற்கு எதிரி இல்லை. ஏஎம்டி எடுங்கள் என்றே சொல்வேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு எடுங்கள். ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைக்கக் கூடாது. வண்டி நிற்கும், ஆனால் உள்ளே கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும், சூடு ஏறினால் எச்சரிக்கை விளக்கு போட்டு வண்டி நகர மறுக்கும். நிற்க வேண்டும் என்றால் பிரேக், ரொம்ப நேரம் என்றால் ஹேண்ட் பிரேக். பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் ஓரிரண்டு நொடி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு வசதி நீங்கள் பார்க்கும் மாடலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வாசல் ஏற்றத்துக்கு அது கட்டாயம். என்னிடம் வந்த ஒரு அம்மா, ஏற்றத்து மேல் இருக்கும் கேட்டை மகன் வந்து திறக்கும்வரை தினமும் ஆக்சிலரேட்டரில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், இரண்டு வருடத்தில் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியதாயிற்று. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் மேல் தப்பே கிடையாது.

அதனால் டெஸ்ட் டிரைவை ஷோரூம் பக்கத்து நேர் ரோட்டில் ஓட்டிவிட்டு வராதீர்கள். வண்டியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், விற்க நினைக்கிறவர்கள் கொண்டுவருவார்கள். முடுக்குக்குள் நுழைந்து, ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, மறுபடி எடுத்து, வாசலுக்குள் திரும்பி, ரிவர்ஸில் வெளியே வாருங்கள். ரிவர்ஸில் ஏற்றம் வருகிறதா இறக்கம் வருகிறதா என்பதும் முக்கியம், ஏஎம்டியில் ரிவர்ஸில் மெதுவாக ஏறுவது கொஞ்சம் பழக்கம் கேட்கும். அடியில் எங்கேயும் உரசுகிறதா என்று கொழுந்தனை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு நாலு பேரோடு ஹைவேயில் ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். இதையெல்லாம் நீங்கள் ஓட்ட வேண்டும், கொழுந்தன் ஓட்டக் கூடாது. சீட்டை உயர்த்தி உட்கார்ந்தால் பானெட்டின் முனை தெரிகிறதா, பின் கண்ணாடியில் முடுக்கின் சுவர் தெரிகிறதா என்பது உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு 28ம் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்தது. அதனால் பழைய விலைப்பட்டியலை வைத்து யாராவது கணக்குச் சொன்னால் ஏற்காதீர்கள். தமிழ்நாட்டில் ரோடு டாக்ஸ், ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம். உங்கள் ஏழு லட்சத்துக்குள் ஆன் ரோடு நிற்க வேண்டும் என்றால் எக்ஸ் ஷோரூம் விலை ஆறு லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கொட்டேஷனை வரி வரியாகப் பிரித்து வாங்குங்கள். டெஃப்லான் கோட்டிங், சீட் கவர் பேக்கேஜ், அது இது என்று இருபது முப்பதாயிரம் சேர்ந்திருக்கும், எல்லாம் உங்கள் விருப்பம்தான், கட்டாயம் கிடையாது. இன்சூரன்ஸையும் வெளியில் விசாரித்துவிட்டு எங்கே குறைவோ அங்கே போடலாம். ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் இன்சூரன்ஸ், போடுங்கள், முதல் வருடம் முடுக்குச் சுவர் பம்பரை எப்படியும் ஒரு தடவை தொடும். என்ஜினுக்குள் தண்ணீர் போனால் ஈடு தரும் சேர்க்கையையும் போடுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, 2021 நவம்பரில் நம் மாவட்டம் எப்படி மூழ்கியது என்று நினைவிருக்கும்.

செகண்ட் ஹேண்ட்தான் எடுக்கப்போகிறோம் என்று வீட்டில் முடிவானால், டீசல் வேண்டாம், நாலைந்து வருடப் பெட்ரோல் வண்டியாகப் பாருங்கள், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டியாக. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அந்தக் கடைசி ஒரு சாணில் சேற்றுக் கறை இருக்கும், வெளியில் என்ன பாலிஷ் போட்டாலும் அதைக் கழுவ மறந்துவிடுவார்கள். அந்த 2021 மழைக்கு அடுத்த வருடம் என் வாடிக்கையாளர் ஒருவர் வெளியூரில் வாங்கி வந்த வண்டியில் நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன், அதற்குள் பணம் கைமாறிவிட்டது. ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், கதவின் அடி விளிம்பு, சீட் ஓடும் தண்டவாளம், இந்த மூன்றிலும் துரு பாருங்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரையில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றில் அடிப்பாகம் சீக்கிரம் அரிக்கும். பானெட் போல்ட்டில் பெயின்ட் பெயர்ந்து ஸ்பானர் தடம் இருந்தால் ஏதோ ஒரு நாள் கழற்றியிருக்கிறார்கள், எதற்கு என்று கேளுங்கள். ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால் வங்கியின் என்ஓசி இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆனால் என் மனதில் உங்களுக்குப் புது வண்டிதான். கணவர் பக்கத்தில் இல்லை, வழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலை முதல் சில வருடங்களாவது உங்களுக்கு வேண்டாம், வாரண்டியும் ரோட்டுக்கு வந்து உதவும் ஏற்பாடும் அதற்கு உதவும். மகனைப் பின் சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும், பெல்ட் போட்டு. பெல்ட் கழுத்தை அறுக்கிற உயரத்தில் இருந்தால் அடியில் ஒரு பூஸ்டர் சீட் வாங்கிப் போடுங்கள், ஷோரூம் சீட் கவரைவிட அந்தப் பணம் நல்ல இடத்துக்குப் போகும்.

வண்டி வந்ததும் உடனே ஸ்கூலுக்கு எடுத்துப்போகாதீர்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, பக்கத்தில் ஓட்டத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு தக்கலையிலிருந்து பார்வதிபுரம் மேம்பாலம் வரை போய் வாருங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, லாரிகள் ஓடும் நேரத்தில். அதன்பிறகு ஸ்கூல்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், உங்கள் வாசல் எத்தனை அடி அகலம், கேட் உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா என்று எழுதவில்லையே? அளந்து அனுப்புங்கள். பத்தடிக்கு மேல் இருந்தால் டியாகோ ஒரே வெட்டில் திரும்பிவிடும் என்றுதான் நினைக்கிறேன். எட்டடிக்குள் என்றால் வண்டியை முடிவு பண்ணும் முன் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூணைத் தள்ளிக் கட்ட முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.